வெந்நீர்க் குழாய்களில் கறுப்புச் சேறு: தோற்றமும் நீக்கமும்

பிரிட்டன் போன்ற குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்குதல் வெறும் வசதிக்கான ஏற்பாடு அன்று. உடல்நலத்துக்கு இன்றியமையாத தேவையாகும். குளிர்காலத்தில் வீட்டின் உட்புற வெப்பநிலை 18 பாகை செல்சியசுக்குக் குறையாதிருத்தல் நலம் என்றும், முதியோரும் குழந்தைகளும் வாழும் வீடுகளில் அதற்கும் மேற்பட்ட வெப்பம் தேவைப்படலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அந்நாட்டு வீடுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இவ்வெப்பத்தை அறைதோறும் சுமந்து செல்வது குழாய்களில் ஓடும் வெந்நீரே. அந்நீர் ஓட வேண்டிய வழியில் கறுப்புச் சேறு படிந்துவிட்டால், எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். அறைகளோ குளிர்ந்தே இருக்கும்.

இந்நிலையில் வீட்டுக்காரர் பலர் கொதிகலன் பழுதாகிவிட்டது என்று கருதி, பெரும்பொருள் செலவிட்டுப் புதியதொன்றை வாங்கிப் பொருத்துகின்றனர். பழைய குழாய்களிலிருந்த சேறு புதிய கொதிகலனுக்குள் புகுந்து, அதனையும் சில ஆண்டுகளில் கெடுத்துவிடுகிறது. வேறு சிலர் சேற்றைக் கழுவி நீக்குகின்றனர். ஆனால் அது தோன்றிய காரணத்தை ஆராய்வதில்லை. ஆகவே சேறு மீண்டும் சேர்கிறது. இவ்விரு தவறுகளையும் தவிர்க்கும் வழி, சேறு என்பது யாது, அது எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதலேயாகும். இரும்பும் நீரும் காற்றும் கூடுமிடத்தில் நிகழ்வதை விளக்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

அமைப்பும் உறுப்புகளும்

பிரிட்டனில் 1960-களிலிருந்து 1980-கள் வரை கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது திறந்த வகை அமைப்பு. இதில் கொதிகலன் ஒன்று, நீரைச் சுற்றிவரச் செய்யும் மின்சாரப் பம்பு ஒன்று, அறைதோறும் ஒன்றிரண்டு ரேடியேட்டர்கள், இவற்றை இணைக்கும் செப்புக் குழாய்கள், கூரையின் அடியில் ஒரு சிறு தொட்டி ஆகியவை உண்டு. ரேடியேட்டர் என்பது மெல்லிய எஃகுத் தகடுகள் இரண்டை அச்சிலிட்டு அழுத்தி ஒட்டி, இடையே நீர் ஓட வழிவிட்ட பலகையாகும். தகட்டின் கனம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே.

கூரைத் தொட்டிக்கு இரு பணிகள் உண்டு. அமைப்பில் நீர் குறைந்தால் மிதவை வால்வின் வழியே புதுநீரைப் பெற்று, கீழே செல்லும் ஊட்டுக் குழாய் மூலம் நிரப்புவது ஒன்று. நீர் சூடேறி விரியும்போது மிகுதியை ஏற்றுக்கொள்வது மற்றொன்று. இதனுடன், ஆபத்துக் காலத்தில் கொதிநீரையும் ஆவியையும் வெளியேற்றும் போக்குக் குழாய் ஒன்று தொட்டியின் மேல் வளைந்து நிற்கும்.

இவ்வமைப்பின் இலக்கணம் யாதெனில், உள்ளே இருக்கும் நீர் மாறலாகாது என்பதே. குளியலறைக்குச் செல்லும் வெந்நீர் வேறு. ரேடியேட்டர்களில் ஓடும் நீர் வேறு. ஒரே நீரே ஆண்டுக்கணக்கில் சுற்றிவர வேண்டும்.

சேறு எங்கிருந்து வருகிறது?

ரேடியேட்டரைத் திறந்தால் மை போன்ற கரிய நீரும், அடியில் களிம்பு போன்ற கரிய படிவும் காணப்படும். இது வெளியிலிருந்து வந்த மண் என்று பலர் எண்ணுவர், அது பிழை. காந்தம் ஒன்றை அருகே கொண்டுசென்றால் படிவு திரண்டு அதனுடன் ஒட்டிக்கொள்ளும். இது மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. ரேடியேட்டரின் எஃகே உருமாறி இவ்வாறு சேறாகியுள்ளது. சேற்றின் ஒவ்வொரு பிடியும் எங்கோ ஒரு தகட்டிலிருந்து தேய்ந்துபோன இரும்பு என்பதை மனத்திற் கொள்ள வேண்டும்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயு எஃகைத் தாக்குகிறது. பிராணவாயு மிகுதியாக உள்ள இடத்தில் செம்பழுப்புத் துரு தோன்றும். குறைவாக உள்ள இடத்தில் கறுப்பு மாக்னடைட் தோன்றும். எஃகும் செம்பும் ஒரே நீரில் தொடர்புற்றிருப்பது எஃகின் அரிப்பை மேலும் தூண்டுகிறது.

பிராணவாயு முழுவதும் தீர்ந்த பின்னரும் அரிப்பு அறவே நின்றுவிடுவதில்லை. இரும்பு நீருடன் மெதுவாக வினைபுரிந்து முதலில் ஹைடிராக்சைடாகவும், பின்னர் மாக்னடைட்டாகவும் மாறுகிறது. இரண்டாவது மாற்றத்தை வேதியியலார் ஷிக்கோர் வினை என வழங்குவர். இவ்வினைகளில் ஹைடிரஜன் வாயு வெளிப்படும். ரேடியேட்டரின் மேற்பகுதியில் அடிக்கடி திரளும் வாயு எல்லாம் காற்றாகவே இருக்க வேண்டுவதில்லை; அது எளிதில் தீப்பற்றும் ஹைடிரஜனாகவும் இருக்கக்கூடும். ஆகவே வாயுவைத் திறந்துவிடும்போது அருகில் சுடரோ சிகரெட்டோ இருத்தல் ஆகாது.

ஒரு சிறு கணக்கு

எட்டுப் பத்து ரேடியேட்டர்கள் கொண்ட வீட்டில் சுமார் 100 லிட்டர் நீர் சுற்றிவருவதாகக் கொள்வோம். காற்றுடன் கலந்த குளிர்நீரில், 20 பாகை வெப்பநிலையில், லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். எனவே அமைப்பை ஒருமுறை நிரப்பும்போது உள்ளே செல்லும் பிராணவாயு 0.9 கிராம் மட்டுமே.

மாக்னடைட்டில் 3 இரும்பணுக்களுக்கு 4 பிராணவாயு அணுக்கள் உள்ளன. அணு எடைகளை 56, 16 எனக் கொண்டால், 168 கிராம் இரும்பும் 64 கிராம் பிராணவாயுவும் கூடி 232 கிராம் மாக்னடைட் ஆகும். இக்கணக்கின்படி 0.9 கிராம் பிராணவாயு அரிக்கக்கூடிய இரும்பு ஏறத்தாழ 2.4 கிராம், விளையும் சேறு ஏறத்தாழ 3.3 கிராம். இது ஒரு தேக்கரண்டிக்கும் போதாது.

ஆனால் பழைய அமைப்பிலிருந்து ஒரு கிலோகிராம் சேறு வெளிவந்தது என்று கொள்க. அது முழுவதும் கரைந்த பிராணவாயுவாலேயே விளைந்ததாயின், அதற்கு 276 கிராம் பிராணவாயு தேவை. அதாவது, அமைப்பு முழுவதையும் ஏறத்தாழ 300 தடவை புதுநீரால் நிரப்பியதற்கு அது சமம். ஒரு பகுதி ஹைடிரஜனை வெளிவிடும் மெதுவான வினையாலும் விளைந்திருக்கலாம். எனினும் பெருஞ்சேறு கண்ட இடத்தில் முதலில் ஐயுற வேண்டியது, காற்றோ புதுநீரோ இடைவிடாது உள்ளே புகும் வழி ஒன்று உண்டு என்பதேயாகும். அவ்வழியை அடைக்காமல் சேற்றை மட்டும் கழுவுதல், ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து நீரை இறைப்பதை ஒக்கும்.

காற்று புகும் வழிகள்

முதலாவது, கசிவு. வால்வின் கழுத்திலோ தரைக்கடியிலோ துளித்துளியாக நீர் ஒழுகினால், கூரைத் தொட்டி ஓசையின்றி அதனை நிரப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவது, பம்பின் தவறான இடம். ஊட்டுக் குழாயும் போக்குக் குழாயும் பம்பைப் பொறுத்து முறையாக அமையாவிடில், பம்பு நீரைப் போக்குக் குழாய் வழியே தொட்டியில் கொட்டும். அல்லது அக்குழாய் வழியே காற்றை உறிஞ்சும். கொட்டும் நீர் காற்றை வாரிக்கொண்டு மீண்டும் கீழிறங்கும். மூன்றாவது, ஊட்டுக் குழாய் சேரும் இடம் சேற்றால் அடைபடுதல். இது சேற்றின் விளைவாகவும், மேலும் சேறு விளையக் காரணமாகவும் அமைகிறது.

தொட்டியில்லாத மூடிய வகை அமைப்பில் அழுத்தம் குறையக் குறைய வீட்டுக்காரர் வாரந்தோறும் நீர் ஏற்றிவருவது நான்காவது காரணம். பிராணவாயுவைத் தடுக்கும் படலம் இல்லாத பழைய பிளாஸ்டிக் குழாய்களின் சுவர் வழியே அது ஊடுருவுவது ஐந்தாவது.

குறிகளை அறிதல்

கையால் தொட்டே பலவற்றை அறியலாம். ரேடியேட்டரின் மேற்பகுதி குளிர்ந்து அடிப்பகுதி சூடாயிருந்தால், மேலே வாயு திரண்டுள்ளது. ஓரங்கள் சூடாகவும் அடியின் நடுப்பகுதி குளிர்ந்தும் இருந்தால், அங்கே சேறு படிந்துள்ளது. மாக்னடைட் நீரைப்போல் ஐந்து மடங்கு அடர்த்தி உடையதாகலின், நீரோட்டம் மெலிந்த இடத்தில் தங்கிவிடுகிறது. ரேடியேட்டர் முழுவதும் குளிர்ந்திருந்தால், வால்வு சிக்கியிருக்கலாம். அல்லது குழாயே அடைபட்டிருக்கலாம்.

அடுத்து, ரேடியேட்டரிலிருந்து சிறிது நீரைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து ஒரு நாள் அசைக்காமல் வைத்தல் வேண்டும். கறுப்புப் படிவு மாக்னடைட்டைக் காட்டும். செம்பழுப்பு நிறம், புதிய காற்று இப்போதும் புகுகிறது என்பதற்கு அறிகுறி.

மூன்றாவது, காந்தச் சோதனை. செம்பு காந்தத்தால் ஈர்க்கப்படாத உலோகம். ஊட்டுக் குழாய் சேரும் இடத்தில் செப்புக் குழாயின் வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தை வைத்தால், அது வழுக்கி விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால், குழாயினுள் மாக்னடைட் இறுகியுள்ளது என்பது உறுதி. விலையின்றிச் செய்யத்தக்க இச்சோதனை பெருஞ்செலவைத் தடுக்க வல்லது.

நான்காவதாக, கூரைத் தொட்டியைக் காண வேண்டும். அதன் நீர் வெதுவெதுப்பாக இருந்தால், போக்குக் குழாய் வழியே நீர் கொட்டுகிறது என்று ஐயுறலாம். மிதவை வால்வை உயர்த்திக் கட்டி, அமைப்பு ஆறியிருக்கையில் நீர்மட்டத்தைக் குறியிட்டு, அதே நிலையில் சில மணி நேரத்திற்குப் பின் பார்த்தால், கசிவு உண்டா என்பதும் தெரியும்.

கழுவும் முறைகளும் அவற்றின் எல்லையும்

நீரை வடித்து மீண்டும் நிரப்புதல் எளிய முறை; ஆனால் சேற்றை நீக்க அது போதாது. ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு நீர் உள்ளே தங்குவதாகக் கொண்டாலும், மூன்று முறை வடித்தால் கரைந்திருந்த பொருள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சேறோ கரைந்த பொருள் அன்று. கனத்துத் தங்கிய துகள். அதனைக் கிளப்ப நீரின் அளவு உதவாது, வேகமே உதவும். ஒடுங்கிய குழாயில் விரைந்து வரும் நீர் அகன்ற ரேடியேட்டரில் நுழைந்ததும் பல மடங்கு மெலிந்துவிடுகிறது. ஆற்று வெள்ளம் ஏரியில் புகுந்ததும் வண்டலை இறக்குவது போன்றதே இது.

ஆகவே ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாகக் கழுவுதல் சிறந்தது. மற்றவை அனைத்தையும் மூடிவிட்டால் முழு ஓட்டமும் ஒன்றன் வழியே செல்லும். விசைக் கழுவல் எனப்படும் முறையில், தனிப் பம்பு ஒன்றை இணைத்து, மிகுந்த அளவு நீரைக் குறைந்த அழுத்தத்தில் செலுத்தி, ஓட்டத்தின் திசையையும் மாற்றி மாற்றித் திருப்புவர். வெளிவரும் நீர் காந்தங்களின் ஊடே செல்லும். மிகவும் இறுகிய ரேடியேட்டரைக் கழற்றி வெளியே கொண்டுசென்று, தலைகீழாக நிறுத்திக் குழாய்நீரால் அலசுதலே நலம்.

வேலையின் ஒழுங்கு

1. கொதிகலனுக்கும் பம்புக்கும் செல்லும் மின்சாரத்தை நிறுத்தி, நீர் ஆறும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். நிலக்கரி அடுப்பாயின் நெருப்பு முற்றும் அவிந்திருத்தல் வேண்டும்.

2. கூரைத் தொட்டியின் அடியில் தங்கிய கசடை முதலில் நீக்க வேண்டும். இதை மறந்தால், நீர் வடியும்போது அக்கசடு முழுவதும் குழாயினுள் இறங்கி ஊட்டுக் குழாயை அடைத்துவிடும்.

3. ஒவ்வொரு ரேடியேட்டரின் சமன்செய் வால்வும் எத்தனை சுற்றுத் திறந்திருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, பின்னர் எல்லா வால்வுகளையும் முழுமையாகத் திறக்க வேண்டும்.

4. சேறு இளக்கும் மருந்தைச் சேர்த்து, தயாரிப்பாளர் குறித்த காலம் வரை அமைப்பைச் சூடாக இயக்க வேண்டும். அமில மருந்தாயின் பின்னர் அதனை நடுநிலைப்படுத்துதல் கட்டாயம். கொதிகலனில் அலுமினியப் பாகம் இருந்தால் அதற்கேற்ற மருந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. மீண்டும் நிறுத்தி ஆறவிட்டு, மிகத் தாழ்வான வடிகுழாயில் ரப்பர்க் குழாயைப் பொருத்திக் கரிய நீரைக் கழிவுநீர்ச் சாக்கடையில் விட வேண்டும். மழைநீர்க் கால்வாயிலோ தோட்டத்திலோ விடுதல் கூடாது. அந்நீர் விரிப்பில் பட்டால் கறை நீங்காது.

6. ரேடியேட்டர்களை ஒவ்வொன்றாக, நீர் தெளியும் வரை கழுவ வேண்டும். ரப்பர்ச் சுத்தியால் மெல்லத் தட்டினால் படிவு இளகும்.

7. காந்தம் ஒட்டிய செப்புக் குழாய்த் துண்டை வெட்டி எடுத்துப் புதியது பொருத்த வேண்டும். இறுகிய அடைப்புப் பெரும்பாலும் கழுவலுக்கு இணங்காது.

8. கசிவையும் பம்பு, குழாய் அமைப்பின் குறையையும் திருத்திய பின்னரே, துருத்தடைப் பொருள் சேர்த்து நிரப்புதல் வேண்டும். பின் வாயுவை வெளியேற்றி, வால்வுகளைக் குறித்தபடி அமைத்து, நாளையும் சேர்த்த பொருளையும் எழுதிக் கொதிகலனருகே ஒட்டி வைத்தல் நன்று.

எரிவாயுக் கொதிகலனின் எரிபாகங்களைத் தொடும் வேலையை, பிரிட்டனில் 2009-ஆம் ஆண்டு முதல், கேஸ் சேஃப் பதிவேட்டில் இடம்பெற்றோரே செய்யலாம்.

கழுவலாகாத இடங்கள்

எல்லா அமைப்பும் கழுவலுக்கு உரியதன்று. ரேடியேட்டரின் அடித்தையலில் பழுப்புக் கறையோ, வண்ணப்பூச்சின் கீழ்க் கொப்புளமோ காணப்பட்டால், தகடு ஊசித்துளை விடும் நிலையில் உள்ளது. அத்துளையை இதுவரை அடைத்து நிற்பது சேறே எனவும் ஆகலாம். சேற்றை நீக்கிய மறுநாள் நீர் ஒழுகினால், கழுவியவர் மீது பழி விழும்; உண்மையில் தகடு முன்னரே அழிந்துவிட்டது. இத்தகைய ரேடியேட்டரை மாற்றுவதே முறை. 8 அல்லது 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள நுண்குழாய்கள் முற்றும் அடைபட்டிருந்தால், அவற்றையும் புதுப்பிக்க நேரிடும். இவற்றை வீட்டுக்காரருக்கு வேலை தொடங்குமுன் கூறிவிடுதல் பணியாளரின் கடமை.

மீண்டும் சேராதிருக்க

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005-ஆம் ஆண்டு முதல் பொதுவாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள் ஆவியைக் குளிர்வித்து வெப்பத்தை மீட்கும் வகையின. இவற்றின் நீர்வழிகள் பழைய வார்ப்பிரும்புக் கொதிகலனின் வழிகளைவிட மிகக் குறுகியவை. பழைய கொதிகலன் பொறுத்துக்கொண்ட சேற்றைப் புதியது பொறுக்காது. இதனாலேயே, பிரிட்டிஷ் நியமம் 7593 புதிய கொதிகலன் பொருத்துமுன் அமைப்பைத் தூய்மை செய்ய வேண்டும் என்கிறது. 1992-இல் வெளிவந்து 2006-இலும் 2019-இலும் திருத்தப்பட்ட இந்நியமத்தின் அண்மைப் பதிப்பு, குழாயில் வடிகட்டி பொருத்துவதையும், துருத்தடைப் பொருளின் வலிமையை ஆண்டுதோறும் சோதிப்பதையும் வற்புறுத்துகிறது.

காந்த வடிகட்டி நல்ல துணை. ஆயினும் அது தோன்றிவிட்ட சேற்றைப் பிடிக்குமேயன்றி, தோன்றாமல் தடுக்காது. ஆண்டுதோறும் அதில் நிறையச் சேறு கிடைத்தால், வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது என மகிழ்தல் போதாது. தகடு இன்னும் தேய்கிறது என உணர்ந்து காரணத்தைத் தேட வேண்டும்.

வகுப்பறைச் சோதனை

ஒரே அளவுள்ள நான்கு கண்ணாடிப் புட்டிகளும், எண்ணெய்ப்பசை நீக்கித் தேய்த்த இரும்பு ஆணிகளும் தேவை. முதற்புட்டியில் ஆணி பாதி மூழ்கக் குழாய்நீர் ஊற்றித் திறந்து வைக்க. இரண்டாவதில் நன்கு கொதிக்கவைத்துக் காற்று நீக்கிய நீரை நிரப்பி, மேலே எண்ணெய்ப் படலம் இடுக. மூன்றாவதில் கொதிக்கவைத்த நீரையே ஊற்றி, எண்ணெய் இடாமல், நாள்தோறும் திறந்து குலுக்கிக் காற்றூட்டுக. நான்காவதில் நீரின்றி, உலர்ந்த சுண்ணாம்புக் கட்டிகளின்மேல் ஆணியை வைத்து இறுக மூடுக.

ஒரு வாரத்தில் முதலாவதும் மூன்றாவதும் துருப்பிடித்திருக்கும். இரண்டாவதும் நான்காவதும் ஏறத்தாழ மாறாதிருக்கும். இரண்டாம் புட்டி, நீர் மாறாத நல்ல வெந்நீர் அமைப்புக்கு ஒப்பு. மூன்றாம் புட்டி, கசிவுள்ள அமைப்புக்கு ஒப்பு. இரண்டிலும் ஊற்றியது ஒரே நீர். வேறுபாடு காற்று புகுந்ததில் மட்டுமே உள்ளது. மோட்டார் வண்டியின் குளிர்நீர்ச் சுற்றுக்கும், ஆலைகளின் மூடிய நீர்ச் சுற்றுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை மாணாக்கருக்கு எடுத்துக்காட்டலாம்.

பயிற்சி வினாக்கள்

1. 150 லிட்டர் நீருள்ள அமைப்பை ஒருமுறை நிரப்பும்போது புகும் பிராணவாயு எவ்வளவு? அது அரிக்கக்கூடிய இரும்பு எவ்வளவு?

2. செப்புக் குழாயின்மேல் வைத்த காந்தம் ஒட்டிக்கொள்வது எதைக் காட்டுகிறது? எஃகுக் குழாயில் இச்சோதனை ஏன் பயன்படாது?

3. ஒரு வீட்டில் சேற்றைக் கழுவிய ஓராண்டிற்குள் ரேடியேட்டர்களின் அடிப்பகுதி மீண்டும் குளிர்ந்தது. மறுபடி கழுவுமுன் ஆராய வேண்டியவை யாவை?